மானுக்குச் சிவப்பு தெரியாது

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.
14.04.2024

அன்புள்ள தம்பி ரவிக்கு,

வருஷம் பிறந்திருக்கிறது. வாழ்த்து எழுதக் கை வரவில்லை, இது இன்னும் ஆண்டு முடியாத வீடு. ஆனால் இன்றைக்கு உனக்கு எழுதாமல் இருக்கவும் மனம் கேட்கவில்லை. நான் சுகம், முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முறைக்கிறது. நீ எப்படி? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை தேத்தண்ணியோடு பொழுதைப் போக்குகிறாயா?

போன் எடுத்தால் மணி அடித்து அடித்து ஓய்கிறது. கடிதமாவது வாசிப்பாய்தானே. முப்பது வருஷமாக மாதம் ஒரு தரம் கோயில் திருநீறு மடித்து உனக்கு அனுப்புகிறேன். வாட்ஸ்அப்பில் திருநீறு அனுப்ப வழி கண்டுபிடிக்கும்வரை இந்தத் தபால்காரனை நான் விடப்போவதில்லை.

உன் மகன் பிரணவன் போய் ஐந்து மாதமாகிவிட்டது. இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. உன் வீட்டில் எத்தனை நாள் சோறு தின்ற வசீகரன், அவன் துவக்கிலேயே என் மருமகன் போனானே! மான் என்று நினைத்துச் சுட்டானாம். விசாரணையில் விபத்து என்று முடித்து, வேட்டை லைசென்சைப் பறித்ததோடு விட்டுவிட்டார்கள் என்று தாட்சாயினி சொன்னாள். வேட்டைக்குப் போடுகிற ஒறேஞ்ச் சட்டையைப் பிள்ளை போடாததும் காரணம் என்று எழுதினார்களாம். ஏன் போடாமல் போனான்? அதை யாராவது கேட்டார்களா? முப்பது வருஷம் கோர்ட்டில் வாக்குமூலம் தட்டச்சுச் செய்தவள் நான். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டால் எனக்கு நித்திரை வராது.

தாட்சாயினி ரொறன்ரோவில் தங்கச்சி வீட்டில் எத்தனை நாள் இருப்பாள்? புருஷனும் பெண்சாதியும் ஒன்றாக இருக்க வேண்டிய நேரம், அவளைக் கூப்பிடு.

பக்கத்து வீட்டு நிரஞ்சனி விடுமுறை முடிந்து மொன்றியலுக்குத் திரும்பினாள். அவளிடம் உனக்கு ஒரு சேட்டுக் கொடுத்துவிட்டிருக்கிறேன். புது உடுப்பு. சாமித்தட்டில் படங்களுக்கு முன்னால் வைத்து, மூலையில் மஞ்சள் தொட்டு, பிறகு போடு. எத்தனை தரம் எழுதினாலும் உனக்கு இது ஏறாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
ஜெகதீஸ்வரி

*

செயின்ட்-மிஷேல்,
மொன்றியல்.
12.05.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதமும் திருநீறும் கிடைத்தன. சேட்டு அளவு. நான் சுகம், சாப்பிடுகிறேன். உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் போடுங்கோ. இங்கே பனி கரைந்து, வெளிப்படிகளில் ஊற்றின உப்பெல்லாம் வெள்ளையாகக் காய்ந்து கிடக்கிறது.

புதினம் என்று ஒன்றிருக்கிறது. ஒரு வில் வாங்கியிருக்கிறேன்.

பட்டறையில் வார்னிஷ் அடித்த மேசை ஒன்றைக் கொடுக்க இல்-பிசார் தீவுக்குப் போனேன். மெலனி என்று ஒரு பெண். செத்துப்போன தகப்பனின் கராஜைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள். சுவரில் இந்த வில் தொங்கியது. 1964இல் செய்தது, என்னைவிட மூன்று வயது மூத்தது. மேப்பிள் மரமும் கண்ணாடி நாரும் ஒட்டி, நுனி இரண்டும் முன்பக்கம் வளைந்து, கைபிடிக்குச் சிவப்புத் தோல் சுற்றியது. அறுபது வருஷத்து வார்னிஷில் இன்றைக்கும் முகம் பார்த்துத் தலை சீவலாம். முப்பது வருஷம் இந்த வேலையில் நின்றவன் சொல்கிறேன், அப்படி ஒரு கை வேலையை நான் கண்டதில்லை.

வேட்டைக்கா என்று கேட்டாள். ஓம் என்றேன். தகப்பன் அதால் ஒரு அணிலைக்கூட அடிக்கவில்லையாம், கிழமைக்கு ஒருக்கால் துடைத்துத் தொங்கவிடுவாராம். "வார்னிஷை மட்டும் பழுதாக்கிப்போடாதேங்கோ" என்று கேட்டுக்கொண்டாள். வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

வேட்டைக்குப் படிக்கிற வகுப்புக்கும் பெயர் கொடுத்துவிட்டேன். வேறு விசேஷம் இல்லை.

அடுத்த தரம் திருநீறு கொஞ்சம் கூடவாக வையுங்கோ.

தம்பி,
இரவிச்சந்திரன்

*

கொக்குவில்,
09.06.2024

அன்புள்ள தம்பிக்கு,

சுகம் விசாரிக்க முதல் உன்னைப் பேச வேண்டும். வேட்டையா? உனக்கென்ன விசரா? கோழி உரிக்கிற இடத்தில் நிற்க ஏலாமல் பின்வளவுக்கு ஓடுகிறவன், மானைக் கொன்று தோளில் போட்டுக்கொண்டு வரப்போகிறாயோ? அதுவும் பிள்ளை விழுந்த மாதிரிக் காட்டுக்குள்ளே. கண்டறியாத வேலை.

பிறகு யோசித்தேன். வீட்டுக்குள் தனியே சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட வெளியே நாலு மரத்தையாவது பார்க்கிறாய். சரி, போ. ஆனால் அந்த வசீகரன் திரிகிற பக்கம் போகாதே.

அவனுடைய தாய் சௌந்தரவல்லி அக்கா போன கிழமை வந்து படலைக்கு வெளியிலேயே நின்றா. உள்ளே வரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "என்ரை பெடியன் சாப்பிடுறான் இல்லையாம் பிள்ளை. சனிக்கிழமை விடிய எழும்பி எங்கேயோ காரை எடுத்துக்கொண்டு போறானாம். எங்கை எண்டு பெண்சாதிக்கும் சொல்லுறான் இல்லையாம்" என்று அழுதா. அவவின் பிள்ளை சாப்பிடாமலாவது இருக்கிறான். எங்கள் பிள்ளை?

எழுதினபிறகு பாவமாக இருக்கிறது. வெட்டாமல் விடுகிறேன்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. பிரணவன் ஏன் அந்தச் சட்டை போடாமல் போனான்? உனக்குத் தெரியாமல் இருக்காது.

திருநீறு இரண்டு மடிப்பு வைத்திருக்கிறேன். நெற்றி நிறையப் பூசு.

அக்கா

*

செயின்ட்-மிஷேல்,
07.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். இங்கே சரியான வெக்கை. மெற்றோவுக்குள் இறங்கினால் இடியப்பச் சட்டிக்குள் இறங்கினது மாதிரி. நீங்கள் வெயிலுக்குள் திரியாதேங்கோ.

வில் நன்றாகப் பழகிவிட்டது. பதினைந்து காலடித் தூரத்தில் தேங்காய் அளவு வட்டத்துக்குள் ஐந்துக்கு ஐந்து அம்பு விழுகிறது. இப்போது பிரச்சினை அதன் மினுக்கம்தான். வெயிலில் கையைத் தூக்கினால் நுனியிலிருந்து நுனிவரை பளிச்சென்று ஒரு வெட்டு வெட்டும். காட்டில் அது போதும், மான் போய்விடும்.

மானின் கண்ணைப் பற்றி வகுப்பில் சொல்லித் தந்தார்கள். நீலம் அதற்கு நன்றாகத் தெரியுமாம். சோப்புத்தூளில் தோய்த்த உடுப்புக்கூட அதற்கு நீலமாக மின்னுமாம். சிவப்பும் ஒறேஞ்சும் தெரியாது, மங்கல் மண்ணிறம்தான். அதனால்தான் துவக்கு வேட்டைக் காலத்தில் ஒறேஞ்ச் சட்டை போடச் சட்டம் வைத்திருக்கிறார்கள். மனுசனுக்கு மனுசன் தெரிய வேண்டும், மானுக்குத் தெரியக் கூடாது.

மற்றவர்கள் வில்லுக்குப் பச்சையும் கறுப்புமாகப் பெயின்ற் அடிக்கிறார்கள். நான் மெலனிக்கு வாக்குக் கொடுத்தவன். மெழுகு பூசிப் பார்த்தேன், சோளமா பூசிப் பார்த்தேன். சரிவரவில்லை. கடைசியில் நீங்கள் அனுப்பின திருநீற்றைச் சோற்றுக் கஞ்சியில் குழைத்து மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்தேன். காய்ந்ததும் மினுக்கம் செத்துவிட்டது. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும், வார்னிஷுக்கு ஒன்றும் ஆகாது. அதற்குமேல் கரிக்கட்டியால் குறுக்கும் மறுக்கும் நாலு கோடு. பின்வளவு வேலியில் சாத்திவிட்டுப் பத்தடி தள்ளி வந்து பார்த்தால் வில்லைக் காணவில்லை. பட்டறையில் மினுக்குவதற்குத்தான் சம்பளம் தந்தார்கள், மினுக்கத்தைக் கொல்ல இப்போதுதான் பழகுகிறேன்.

இன்னும் திருநீறு வேண்டும். மாரி தொடங்குமட்டும் போதுமானதாக அனுப்புங்கோ.

தம்பி

*

கொக்குவில்,
04.08.2024

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு சுகம் அறிந்தேன். என் சுகம் உன் கடிதத்தோடு போய்விட்டது. சாமி திருநீற்றைக் கஞ்சியில் குழைத்துக் கொலை ஆயுதத்துக்குப் பூசுகிறாயா? ஐயருக்குத் தெரிந்தால் என்னைக் கோயிலுக்குள் விடமாட்டார். சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. சின்ன வயதில் பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு வெள்ளை இல்லையென்று இதே திருநீற்றைப் பூசிக்கொண்டு போனவன்தானே நீ.

ஆனால் ஒன்று. இரண்டு பக்கம் முழுக்க வில்லைப் பற்றி எழுதியிருக்கிறாய். தாட்சாயினியைப் பற்றி ஒரு சொல் இல்லை, பிள்ளையைப் பற்றி ஒரு சொல் இல்லை. சட்டம் ஒறேஞ்ச் போடச் சொல்கிறது என்று பாடம் நடத்துகிறாய், உன் பிள்ளை ஏன் போடவில்லை என்று மூன்றாந்தரம் கேட்கிறேன், அதற்கு வாயில்லை.

பிள்ளையின் ஆண்டுத் திவசம் திதிப்படி இந்த முறை தீபாவளிக்கு முதல் நாள், ஒக்டோபர் 30ஆம் திகதி புதன்கிழமை வருகிறது. நீ அங்கே கோயிலில் கொடு, நான் இங்கே கீரிமலையில் கொடுப்பேன். வேட்டி புதிதாக எடு. சாமித்தட்டில் வைத்து எடுத்து உடு. அந்தச் சேட்டை அப்படி வைத்தனியோ? எழுதவே இல்லை.

நல்லூர்க் கொடி ஒன்பதாம் திகதி ஏறுகிறது. உனக்காகத்தான் போவேன். திருநீறு நாலு மடிப்பு அனுப்புகிறேன். நெற்றிக்கும் கொஞ்சம் மிச்சம் வை.

அக்கா

*

செயின்ட்-மிஷேல்,
08.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். திருநீறு கிடைத்தது. காலையில் குளிர் தொடங்கிவிட்டது.

எனக்கு ஒரு மான் சரிவந்திருக்கிறது. வடக்கே மலைப்பக்கம், இரண்டு மணித்தியாலக் கார் ஓட்டம். ஆடி மாதத்திலிருந்து பார்த்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை விடிய வருகிறது. ஓடையைக் கடந்து வந்து, விழுந்து கிடக்கிற பேர்ச் மரத்தடியில் அரை மணித்தியாலம் நிற்கும். தின்னாது. தலையைக் குனிந்துகொண்டு நிற்கும். பிறகு வந்த வழியே திரும்பிவிடும். நான் அதற்கு நேரே ஒரு தேவதாரு மரத்தில் பலகை கட்டியிருக்கிறேன்.

வில்லுக்குத் திருநீறு மட்டும் காணாது என்று உறை தைத்தேன். வீட்டில் ஒரு மண்ணிறக் கோட்டு இருந்தது, அதை வெட்டி வில்லின் மேல் கைக்கும் கீழ் கைக்கும் இரண்டு உறை. தையல் கோணல்தான், ஆனால் பொருத்தம். கைபிடிச் சிவப்புத் தோலுக்கும் அதே துணியைச் சுற்றிவிட்டேன், ஒரு நூல் சிவப்பு வெளியே தெரியாது.

போன சனி அது தலையைத் தூக்கி நேரே என் மரத்தைப் பார்த்தது. என்னைக் காணவில்லை. திரும்பவும் குனிந்துகொண்டது.

அவசரமில்லை. துவக்குக் காலம் கார்த்திகையில்தான்.

தம்பி

*

கொக்குவில்,
29.09.2024

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம் என்று எழுதினால் பொய். உன் கடிதம் வந்து நாலு நாள், எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன்னிடம் சில விஷயம் கேட்க வேண்டும். பேச்சில்லை, ஏச்சில்லை, கேள்வி மட்டும்தான். மானுக்குச் சனிக்கிழமை எது, ஞாயிற்றுக்கிழமை எது என்று தெரியுமா? நீ வைத்திருப்பது வில், பிறகு ஏன் துவக்குக் காலம் வரும்வரைக்கும் காத்துக்கொண்டிருக்கிறாய்? வெட்டின மண்ணிறக் கோட்டு யாருடையது?

பதில் எழுது. ஒரு வரி போதும். இல்லையென்றால் போனை எடு. நேற்று ஒன்பது தரம் அடித்தேன்.

அக்கா

*

செயின்ட்-மிஷேல்,
13.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் சும்மா யோசித்து உடம்பைக் கெடுக்காதேங்கோ. ஐயரோடு கதைத்துவிட்டேன், புதன்கிழமை திவசம் கொடுக்கிறேன். தாட்சாயினி வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

மான் மான்தான் அக்கா.

இலையெல்லாம் கொட்டிவிட்டது. திருநீறு முடிந்துவிட்டது. இனி ஒரு தரம் பூசினால் போதும்.

தம்பி

*

கொக்குவில்,
31.10.2024

தம்பி ரவி,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை, நிரஞ்சனியின் கைப்பையில் வருகிறது. சொந்தத்தில் ஒரு செத்த வீட்டுக்கு ஒரு கிழமை லீவில் வந்தவள், சனிக்கிழமை திரும்ப ஏறுகிறாள். உன் கையில் கொடுத்து, நீ உடைத்து வாசிக்கும்வரை கதவடியில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். கதவைச் சாத்தாதே.

நேற்றுக் கீரிமலையில் பிள்ளைக்குப் பிண்டம் போட்டுவிட்டு ஈரச்சேலையோடு வந்து உன் ஆறு மாதத்துக் கடிதங்களையும் எடுத்து வரிசையாக வைத்தேன். பொய் சொல்கிறவன் பெரிய விஷயத்தில் பிடிபடமாட்டான், தேவையில்லாமல் சொன்ன சின்ன விஷயத்தில்தான் பிடிபடுவான். நான் தட்டச்சடித்த வாக்குமூலங்களில் எத்தனை பார்த்திருப்பேன்.

மானுக்குச் சிவப்பு தெரியாது என்று எனக்குச் சொல்லித் தந்தவன் நீ. பிறகு ஏன் கைபிடிச் சிவப்பை மறைத்தாய்? ஒரு நூல் வெளியே தெரியாது என்று பெருமையாக வேறு எழுதியிருக்கிறாய். சிவப்பு மனுசனுக்குத்தான் தெரியும் ரவி. நீ மனுசனின் கண்ணுக்கு ஒளிக்கிறாய்.

சனிக்கிழமை விடிய எழும்பிப் போகிறவன் யார் என்று எனக்கு ஆனியிலேயே சௌந்தரவல்லி அக்கா சொல்லிவிட்டா. தாட்சாயினிக்குப் போன் எடுத்தேன். பொலிஸ் திருப்பித் தந்த பையில் பிள்ளையின் மண்ணிறக் கோட்டு இருந்தது, இப்போது காணவில்லை என்றாள். கடவுளே, பிள்ளை செத்த கோட்டை வெட்டி வில்லுக்குப் போட்டிருக்கிறாய்! நான் அனுப்பின திருநீற்றையும் அதற்குப் பூசியிருக்கிறாய். என்னையும் கூட்டுச் சேர்த்துவிட்டாய்.

சௌந்தரவல்லி அக்காவின் படலைவரை போனேன். உன்னைக் காட்டிக் கொடுக்க வாய் வரவில்லை, திரும்பி வந்துவிட்டேன். அது சரியோ பிழையோ தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. பிள்ளையைக் கொடுத்துவிட்டேன், உன்னையும் மறியல் கம்பிக்குள் கொடுக்க என்னால் ஏலாது. வசீகரனை எனக்குப் பிடிக்காது. அவன் செத்தால் நான் அழமாட்டேன். ஆனால் நீ கொன்றால் அழுவேன்.

இந்த மடிப்பில் திருநீறு இல்லை. குங்குமம். சாமித்தட்டில் வைத்து எடுத்து, அந்த வில்லின் உறையைக் கழற்றிவிட்டுப் பூசு. மான் மான்தான் என்று எழுதினாயே, மானென்றால் உனக்கு நட்டமில்லை, அதற்குத்தான் தெரியாதே. பூசாமல் போனாயென்றால் நீ எனக்குப் பொய் சொன்னாய் என்று அர்த்தம். இவ்வளவு நாளில் நீ எனக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறாய், பொய் சொன்னதில்லை.

அக்கா

*

செயின்ட்-மிஷேல்,
10.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்றுச் சனிக்கிழமை. முதலில் இதை எழுதுகிறேன்: வசீகரன் உயிரோடு இருக்கிறான். நானும் இருக்கிறேன். இனி ஆறுதலாக வாசியுங்கோ.

நிரஞ்சனி நீங்கள் சொன்னமாதிரியே கதவடியில் நின்றாள். அவள் போனபிறகு குங்குமத்தை வைக்கச் சாமித்தட்டின் திரையை நீக்கினேன். ஒரு வருஷமாக நீக்கவில்லை. பிள்ளையின் ஒறேஞ்ச் சட்டை அங்கேதான் இருந்தது. நீங்கள் மூன்று தரம் கேட்டீர்கள், நான் எழுதவில்லை. போன வருஷம் தீபாவளிக்கு எடுத்த உடுப்புகளோடு அதையும் நான்தான் மஞ்சள் தொட்டுத் தட்டில் வைத்தேன். புதிது, தீபாவளியன்று முதலில் சாமிக்குக் காட்டித்தான் போட வேண்டும் என்று வைத்தேன். அவன் முதல் நாள் விடியப் போய்விட்டான். நான் எழும்பிப் பார்க்கவில்லை.

சட்டையை எடுத்துப் பைக்குள் வைத்தேன். ஏன் என்று உங்களுக்கு மறைக்கமாட்டேன். காரியம் முடிந்தபிறகு அவன்மேல் போட்டுவிட்டு வர நினைத்தேன்.

குங்குமமும் பூசினேன். உறையைக் கழற்றி, வில்லின் மேல் கையில் நெற்றிக்கு வைக்கிற அளவு ஒரு பொட்டு. பிறகு மனம் கேளாமல் முழுக்கப் பூசினேன். பொய் சொன்னவனாக அந்த மரத்தில் ஏற எனக்கு விருப்பமில்லை.

விடிந்துகொண்டு வரும்போது அவன் ஓடையைக் கடந்து வந்து பேர்ச் மரத்தடியில் நின்றான். எங்கேயோ தூரத்தில் துவக்கு வெடித்தது. துவக்குக் காலம் தொடங்கின நாள், அவன் உடம்பில் ஒறேஞ்ச் இல்லை. மண்ணிறக் கோட்டு. நான் வில்லை இழுத்தேன். அவன் தலையைத் தூக்கினான், சிவப்பைக் கண்டான்.

"அண்ணை, நீங்கள்தானே?" என்றான். பிறகு, "இறங்காதேங்கோ. அங்கையிருந்தே விடுங்கோ. ஆடியிலை உங்கடை கார் நிண்டதைக் கண்டனான். ஒவ்வொரு சனியும் இண்டைக்கு எண்டு நினைச்சுத்தான் வாறன்."

"ஏன்ரா ஒறேஞ்ச் போடேல்லை?" என்று கத்தினேன். என் வாயில் வந்தது அதுதான்.

"பிரணவனும் போடேல்லைத்தானே அண்ணை. காரிலை ஏறேக்கை கேட்டனான். 'அப்பா சாமித்தட்டிலை வைச்சிட்டார் அங்கிள், இண்டைக்கு எடுத்தால் பேசுவார்' எண்டு சிரிச்சவன். நான் அவனைத் திருப்பி விட்டிருக்கோணும். விசாரணையிலை நான் கேட்க மறந்திட்டன் எண்டு சொன்னனான். இதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

அக்கா, அது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று ஒரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்கும் தெரிந்திருக்கிறது. என்னைச் சாட்டாமல் எல்லாத்தையும் தன் தலையில் போட்டுக்கொண்டு, அந்த இடத்தில் வந்து வந்து நின்றிருக்கிறான்.

பழைய வில்லை இழுத்தபடி நெடுநேரம் பிடிக்க ஏலாது. ஒன்றில் விட வேண்டும், இல்லையென்றால் தளர்த்த வேண்டும். தளர்த்திவிட்டேன்.

இறங்கும்போது இரண்டாவது வெடி கேட்டது, முன்னையதைவிடக் கிட்ட. நான் பையிலிருந்து சட்டையை எடுத்து, "கையைத் தூக்கு" என்றேன். சின்னப்பிள்ளை மாதிரித் தூக்கினான். போட்டுவிட்டேன். மூலையில் நான் தொட்ட மஞ்சள் அப்படியே காய்ந்து கிடந்தது. ரோட்டுவரை நான் முன்னால் நடந்தேன், அவன் பின்னால் வந்தான். அவனை மன்னித்தேன் என்று எழுதமாட்டேன். அப்படி நிற்க விட்டுவிட்டு வர ஏலாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

வில்லைத் துடைத்துவிட்டேன். சிவப்பு ஒட்டின இடத்தில் ஒரு சாயல் போகவில்லை. மெலனியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

தம்பி

*

கொக்குவில்,
01.12.2024

என்ரை தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. முதல் வரியை வாசித்துவிட்டுப் படியிலேயே இருந்துவிட்டேன். சௌந்தரவல்லி அக்காவைப் போய்க் கூட்டிக்கொண்டு வந்து தேத்தண்ணி கொடுத்தேன். ஏனென்று அவவுக்குத் தெரியாது.

பிறகு மிச்சத்தை வாசித்தேன். சட்டையைச் சாமித்தட்டில் வைத்தது நான்தான் என்று எழுதியிருக்கிறாய்.

போன வருஷம் ஐப்பசியில், பிள்ளைக்கு வேட்டை பார்க்கப் போக ஒறேஞ்ச் சட்டை ஒன்று எடுத்திருக்கிறேன் என்று நீ எழுதினாய். நான் என்ன பதில் எழுதினேன் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது ரவி. எது புதிதாக எடுத்தாலும், வேட்டைச் சட்டையாக இருந்தாலும் சரி, தட்டில் வை, தீபாவளிக்கு முதல் போட விடாதே என்று எழுதினேன். உனக்கு இது ஏறாது என்று பேசியும் எழுதினேன். நீ அந்த முறை என் சொல்லைக் கேட்டிருக்கிறாய்.

ஏன் போடாமல் போனான் என்று ஒரு வருஷமாக உன்னைக் கேட்டேனே. மூன்று தரம் கேட்டேனே! நீ போனை எடுக்காதது ஏனென்று இப்போது விளங்குகிறது. வில்லை மறைக்கிறாய் என்று உன்னைப் பேசினேன். நீ மறைத்தது என்னைத்தான்.

இதோடு இன்னொரு புதுச் சேட்டு அனுப்புகிறேன், தட்டில் வைக்காதே. பெட்டியை உடைத்தவுடன் போடு.

இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உன் நேரம் காலை ஒன்பது மணிக்கு அடிப்பேன். எடு தம்பி. நீ ஒன்றும் கதைக்க வேண்டாம். நான் அழுவதைக் கேட்டுக்கொண்டு இருந்தால் போதும்.

அக்கா